மூக்கும் நுரையீரலும் ஒரே குழாய்தான்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வருஷம் இருபது நிமிஷம் பேசணும்ப்பா என்று செயலாளர் அண்ணன் சொன்னபோது, தலைப்பு என்ன என்று கேட்டார். மூக்கில் வளரும் சதையும் ஆஸ்துமாவும் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "மெக்கானிக்கல் படிச்ச ஆளு மூக்கைப் பத்தி என்னப்பா பேசப் போறே?" என்றார். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. எட்டு வருடத்துக்கு மேலாக இந்த நோயோடு வாழ்கிறவன். என்னைப் பார்த்த டாக்டர்களிடம் விடாமல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நான் சொல்வதை வைத்து யாரும் தாமாக மருந்தை நிறுத்தவோ ஆரம்பிக்கவோ கூடாது. டாக்டரிடம் போய் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்காக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை தொழிற்சாலைகளுக்குக் காற்றுப் பதனம் செய்து கொடுப்பது. வெளிக்காற்று நேரே அறைக்குள் போகக் கூடாது. முதலில் பில்டர், பிறகு காயில், பிறகு ஈரப்பதத்தைச் சரிசெய்தல், அதற்கப்புறம்தான் டக்ட் வழியாக அறைக்கு. இந்த வேலை அத்தனையையும் ஒரு கரண்டு பில்லும் இல்லாமல் நம் மூக்கு செய்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று நம் உடம்புக்குள் போய் வருகிறது. மார்கழிக் காலைக் குளிர்க் காற்றானாலும் சரி, அக்னி நட்சத்திரத்து அனல் காற்றானாலும் சரி, அது நுரையீரலின் உள்ளறைகளுக்குப் போய்ச் சேரும்போது ஏறக்குறைய உடம்பின் வெப்பத்துக்கு வந்து, ஈரம் நிறைந்து, தூசி வடிகட்டப்பட்டிருக்கும்.

நம் வசதிக்காக மருத்துவமனையில் மூக்குக்கு ஒரு வார்டு, நுரையீரலுக்கு ஒரு வார்டு என்று பிரித்து வைத்திருக்கிறோம். காற்றுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. மூக்கின் உட்சுவரில் இருக்கும் சவ்வும், மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் சவ்வும் ஏறக்குறைய ஒரே ரகம். இரண்டிலும் மயிரிழை போன்ற நுண்ணிய சிலியாக்கள் உண்டு; இரண்டிலும் சளிச் சுரப்பிகள் உண்டு. வித்தியாசம் சவ்வுக்கு அடியில்தான். மூக்கில் அடியில் இருப்பது எலும்பும் இரத்தக் குழாய்களும். மூச்சுக்குழாயில் இருப்பது தசை. ஆகவே ஒரே அழற்சி மூக்கில் வந்தால் வீங்கி அடைத்துக்கொள்கிறது. கீழே வந்தால் தசை இறுகி 'வீசிங்' ஆகிறது. நோய் ஒன்று, கட்டிடம் வேறு. இடத்துக்குத் தகுந்த மாதிரி முகம் மாறுகிறது.

இப்போது மூக்குச் சதைக்கு வருகிறேன். 'மூக்கில் சதை வளர்ந்திருக்கு' என்று நம் ஊரில் பலரும் சொல்வார்கள். அதில் ஒரு குழப்பம் உண்டு. மூக்கின் பக்கவாட்டில் எல்லோருக்குமே இயற்கையாக மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கிறது. சளி பிடித்தால் அது வீங்கும். அது பாலிப் இல்லை. பாலிப் என்பது பெரும்பாலும் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் சைனஸ் அறைகளின் சவ்விலிருந்து தொங்கி இறங்குவது. பார்வைக்கு உரித்த திராட்சை மாதிரி, இன்னும் சொன்னால் இளம் நுங்கு மாதிரி, வெளுத்து, பளபளப்பாக இருக்கும். தொட்டால் வலிக்காது. பொதுவாக இரண்டு பக்கமும் வரும். அது வளர வளர மூக்கு அடைக்கும், சளி தொண்டைக்குள் இறங்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வாசனை போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூக்கில் வளர்வதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. நம் தென்மாவட்டங்களில் குளம், கண்மாயில் குளிப்பவர்களுக்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற வேறு ஒரு நோய் வருவதுண்டு. அதில் வளரும் சதை சிவந்து, ஸ்ட்ராபெரிப் பழம் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், தொட்டால் இரத்தம் வரும். அதே மாதிரி ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை, அடிக்கடி இரத்தம் என்றால் காத்திருக்காமல் காட்ட வேண்டும். குழந்தைக்குப் பாலிப் வந்தாலும் அப்படித்தான், காரணத்தைத் தேடியாக வேண்டும். நான் இன்று பேசுவது பெரியவர்களுக்கு இரண்டு பக்கமும் வரும் சாதாரணப் பாலிப் பற்றி.

பாலிப் ஏன் வளர்கிறது? நம் மொழியில் சொல்கிறேன். ஒரு கட்டிடத்தில் தீயணைப்பு ஏற்பாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் புகை உணரும் கருவி, அதற்கு ஒரு கண்ட்ரோல் பேனல், கூரையில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர். மூக்கின் சவ்வுதான் புகை உணரும் கருவி. தூசி, பூஞ்சை, கிருமி, புகை எதுவோ உரசினால் அது சில இரசாயனச் செய்திகளை அனுப்புகிறது. இன்டர்லூக்கின் 33, இன்டர்லூக்கின் 25, டி.எஸ்.எல்.பி. என்று அவற்றுக்குப் பெயர். உடனே நோய் எதிர்ப்பு அணுக்கள் என்ற கண்ட்ரோல் பேனல் விழித்துக்கொண்டு மூன்று உத்தரவுகளைப் போடுகிறது. இன்டர்லூக்கின் 5 எலும்பு மஜ்ஜைக்குப் போய் இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்களை உற்பத்தி செய்யச் சொல்கிறது. இன்டர்லூக்கின் 4 ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்க வைக்கிறது. இன்டர்லூக்கின் 13 சளியைப் பெருக்குகிறது. இந்த முழு ஏற்பாட்டுக்கும் டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'இரண்டாம் வகை அழற்சி'. குடல் புழுக்களை விரட்டுவதற்காக உடம்பு வைத்திருக்கும் பழைய ஆயுதம் இது.

இயோசினோபில் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும். "பையனுக்கு ஈஸ்னோபீலியா" என்று அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறோம்! அதில் ஒரு பகுதி யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களால் வரும் தனி நோய். அதற்கு மருந்தும் தனி. ஆனால் அணு அதேதான். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை இழுத்துக்கொள்வதால் 1879இல் ஜெர்மனியில் பால் எர்லிக் வைத்த பெயர் அது.

சரி, ஸ்பிரிங்ளர் வேலை செய்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். தீ அணைந்ததும் வால்வு மூடினால் நல்லது. மூடாவிட்டால்? தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். கூரைப் பூச்சு ஊறும், உப்பும், கடைசியில் பை மாதிரி தொங்கும். அந்தத் தொங்கல்தான் பாலிப். அது புதிதாக முளைத்த கட்டி அல்ல, நீர் கோத்து ஊறிப்போன சவ்வு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதே இன்டர்லூக்கின் 4, 13 இரண்டும் சவ்வின் செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகளைத் தளர்த்திவிடுகின்றன. இணைப்பு தளர்ந்தால் இன்னும் தூசி, இன்னும் கிருமி உள்ளே. உள்ளே போனால் இன்னும் அலாரம். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதிய தம்பிகளுக்கு இது என்ன என்று தெரியும். பாசிட்டிவ் பீட்பேக். தானாக அடங்காது.

இதே அழற்சி மூச்சுக்குழாயிலும் நடந்தால் ஆஸ்துமா. பாலிப் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை ஆஸ்துமாவும் உள்ளவர்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது. இவர்களில் பலருக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததே இல்லை. முப்பதைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும். தோலில் ஊசி குத்திச் செய்யும் அலர்ஜிப் பரிசோதனையில் ஒன்றுமே காட்டாமலும் போகலாம். "அலர்ஜி இல்லைன்னு வந்துடுச்சு, அப்புறம் எப்படி?" என்று குழம்ப வேண்டாம். சவ்வே தவறாக அலாரம் அடித்தால் வெளியிலிருந்து அலர்ஜிப் பொருள் தேவையே இல்லை. எல்லாப் பாலிப்பும் இந்த வகைதான் என்றும் சொல்ல முடியாது. ஆசிய நாடுகளில் ஒரு பகுதிப் பாலிப்களில் இயோசினோபில் அதிகம் இருப்பதில்லை. ஆனால் பாலிப்போடு ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

இந்தக் கதையில் மூன்றாவதாக ஒருவர் வருகிறார். அவர்தான் ஆபத்தானவர். வலி மாத்திரை.

1922இல் பாரிஸில் பெர்னாண்ட் விடால் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும், மூக்கில் பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சுத் திணறல், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை எழுதி வைத்தார்கள். அது பெரிய அளவில் கவனம் பெறவில்லை. 1968இல் அமெரிக்காவில் மேக்ஸ் சாம்டர், பியர்ஸ் என்ற இரு டாக்டர்கள் மறுபடி விரிவாக எழுதிய பிறகுதான் 'சாம்டர் முக்கூட்டு' என்று பெயர் நிலைத்தது. ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு வழி திறந்தது 1971இல். ஆஸ்பிரின் நம் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கிறது என்று இங்கிலாந்தில் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982இல் அவருக்கும், ஸ்வீடனின் பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

அதன் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்லின் சவ்விலிருந்து கிடைக்கும் ஒரே மூலப்பொருள் இரண்டு பாதைகளில் போகிறது. ஒரு பாதையில் காக்ஸ்-1 என்ற என்சைம் இருக்கிறது; அதிலிருந்து வரும் ஒரு புரோஸ்டாகிளாண்டின் நம் ஸ்பிரிங்ளர் வால்வைப் பிடித்து வைத்திருக்கும் பிரேக். இன்னொரு பாதையில் லூக்கோட்ரையீன்கள் உற்பத்தியாகின்றன. அவை மூச்சுக்குழாயை இறுக்கி, சவ்வை வீங்க வைப்பதில் கெட்டிக்காரர்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே பிரேக் பலவீனம், லூக்கோட்ரையீன் அதிகம். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் போய் காக்ஸ்-1ஐ மூடினால், மிச்சமிருந்த பிரேக்கும் போய்விடுகிறது. அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகும், முகம் சிவக்கும், நெஞ்சு இறுகும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து.

இதில் மிக முக்கியமான விஷயம், இது வழக்கமான அலர்ஜி அல்ல. பென்சிலின் அலர்ஜி என்றால் பென்சிலின் குடும்பத்தைத் தவிர்த்தால் போதும். இங்கே காக்ஸ்-1ஐ மூடும் எந்த மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். ஆஸ்பிரின், இபுப்ரோபென், டைக்ளோபெனாக், நாப்ராக்சன் எல்லாம் அடக்கம். நம் மக்களுக்குத் தெரிந்த பெயரில் சொன்னால் டிஸ்ப்ரின், புரூபென், காம்பிபிளாம், வோவரான். தலைவலி, பல்வலி, இடுப்பு வலி என்றால் நம் வீட்டு டிராயரில் இருப்பவை இவைதான். நல்ல மாத்திரைகள்தான், கோடிக்கணக்கானவர்களுக்கு உதவுகின்றன. ஆனால் இந்த ஒரு கூட்டத்துக்கு ஆகாது.

எவ்வளவு பேர் இந்தக் கூட்டம்? 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி வயது வந்த ஆஸ்துமா நோயாளிகளில் 100க்குச் சுமார் 7 பேர். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் அதைப் போல இரண்டு மடங்கு. அப்படியென்றால் ஆஸ்துமா உள்ள 100 பேரில் 90க்கு மேற்பட்டவர்களுக்கு இந்த மாத்திரைகளால் இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே பயந்துபோய், இருதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் அப்பா அம்மாவின் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து.

என் கதையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2017இல் எனக்கு 29 வயது. மூக்கடைப்பும் வாசனையின்மையும் அதிகமாகி, காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் பாலிப்களை நன்றாகவே எடுத்துவிட்டார். 2019இல் இரவு நேர இருமல், வீசிங். வேறு ஊரில் வேலை, வேறு டாக்டர். ஆஸ்துமா என்று சரியாகவே கண்டுபிடித்து இன்ஹேலர் கொடுத்தார். 2021இல் கடைவாய்ப் பல் எடுத்தேன். பல் டாக்டர் மருந்து அலர்ஜி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன், உண்மையும் அதுதான், கல்லூரி நாட்களில் அதே மாத்திரையை எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. இந்த நோயின் சுபாவமே அது. முன்பு ஒத்துக்கொண்டது ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போகும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் பேச முடியவில்லை. என் மனைவிதான் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனாள். ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி என்று அன்று இரவு ஓடியது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த நுரையீரல் டாக்டரம்மா இரண்டே கேள்வி கேட்டார். "உங்களுக்கு மூக்குல ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா? காபி வாசனை தெரியுமா?" ஆபரேஷன் நடந்தது, வாசனை தெரியாது என்றேன். "அப்ப மூணும் ஒண்ணுதாங்க" என்றார். நாலு வருடத்தில் மூன்று டாக்டர்களிடம் போன மூன்று நோய்கள் அந்த ஒரு நிமிடத்தில் ஒன்றாகிவிட்டன.

நண்பர்களே, நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. மூன்று பேரும் அவரவர் பகுதியைச் சரியாகத்தான் செய்தார்கள். நம் தொழிலில் இது நமக்குத் தெரிந்த சங்கதி. பம்ப் நன்றாக இருக்கும், பைப் நன்றாக இருக்கும், டாங்க் நன்றாக இருக்கும், ஒழுகுவது எங்கே? பிளாஞ்சில். இரண்டு பேருடைய பொறுப்பு சந்திக்கிற இடத்தில். அந்த மூன்று அறைகளுக்கும் போய் வந்த ஒரே ஆள் நோயாளி மட்டும்தான். ஆகவே தகவலைத் தூக்கிக்கொண்டு போகும் வேலையும் நம்முடையதாகிறது. அதைச் செய்யச் சொல்லி நமக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். அதற்காகத்தான் இன்று இந்த இருபது நிமிஷம்.

2001இலேயே, உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து வெளிவந்த 'அரியா' என்ற வழிகாட்டி அறிக்கை, மூக்கில் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று பாருங்கள், ஆஸ்துமா உள்ளவருக்கு மூக்கைப் பாருங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னது. அதே பாடம் பாலிப்புக்கும் பொருந்தும்.

சிகிச்சைக்கு வருகிறேன். ஆபரேஷன் பண்ணினால் தீர்ந்துவிடுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆபரேஷன் என்பது ஊறித் தொங்கும் பூச்சைச் செதுக்கி எடுப்பது. அது வேண்டியதுதான், சைனஸ் அறைகள் திறக்கும், மூச்சு வரும், மருந்து உள்ளே போக வழி கிடைக்கும். ஆனால் மேலே வால்வு மூடவில்லை. ஆகவே மருந்தை விட்டுவிட்டால் பலருக்கு மறுபடி வளர்கிறது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னும் சீக்கிரம். "ஆபரேஷன் பண்ணியும் திரும்ப வந்துடுச்சு, டாக்டர் சரியில்லை" என்று சொல்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

வால்வை மூடும் மருந்துகளில் முதலாவது ஸ்டீராய்டு. மூக்குக்கு ஸ்பிரே, நுரையீரலுக்கு இன்ஹேலர். "ஸ்டீராய்டா? ஐயோ! இன்ஹேலரா? பழகிடுமே!" இந்த இரண்டு வாக்கியத்தையும் என் சொந்தக்காரர்களிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ கணக்கில்லை. நாம் கணக்குத் தெரிந்தவர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவசரத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 20, 30 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரில் ஒரு தடவை உறிஞ்சுவது 100, 200 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமுக்கு 1,000 மைக்ரோகிராம். மருந்துக்கு மருந்து வீரியம் மாறும் என்றாலும், நேரே இடத்துக்கே போவதால் இவ்வளவு சின்ன அளவே போதுமாகிறது. இன்ஹேலருக்குப் பயந்து விட்டுவிட்டு, வருடத்துக்கு நாலு தடவை மாத்திரைக்கு ஓடுவதுதான் உண்மையில் அதிக ஸ்டீராய்டு. நீல நிற இன்ஹேலரை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிப்பதும் சரியில்லை. அது தசையைத் தளர்த்துமே தவிர அழற்சியைத் தொடாது. 2019 முதல் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டிகள் அதை மட்டும் தனியாகப் பயன்படுத்தச் சொல்வதில்லை.

மூக்கு ஸ்பிரேயை அடிக்கும்போது தலையைச் சற்று முன்னால் குனிந்து, வலது கையால் இடது மூக்குக்கும் இடது கையால் வலது மூக்குக்கும், காதை நோக்கி அடிக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் புண்ணாகும், இரத்தம் வரும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு. ஆனால் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பச்சையாக மூக்கில் விடவே கூடாது. கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால், அதுவே அடைப்பை உண்டாக்கிவிடும்.

புதிதாக வந்திருப்பவை, ஒரு குறிப்பிட்ட வால்வை மட்டும் மூடும் ஊசி மருந்துகள். டுபிலுமாப் இன்டர்லூக்கின் 4, 13 இரண்டின் பாதையையும் அடைக்கிறது. 2019இல் அமெரிக்காவில் பாலிப்புக்கு அனுமதி பெற்றது. ஐ.ஜி.இ.யைப் பிடிக்கும் ஒமலிசுமாப் 2020இலும், இன்டர்லூக்கின் 5ஐப் பிடிக்கும் மெபோலிசுமாப் 2021இலும் பாலிப்புக்கு அனுமதி பெற்றன. இவை மூன்றும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கப்படுகிறவை என்பதைக் கவனியுங்கள். தோலுக்கடியில் ஒரு ஊசி. மேலே சதை சுருங்குகிறது, கீழே வீசிங் குறைகிறது. நோய் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் விலை நம்மில் பெரும்பாலோர் கைக்கு எட்டுவதில்லை. தவிர, ஸ்பிரேயும் இன்ஹேலரும் ஒழுங்காகப் பயன்படுத்தியும் அடங்காதவர்களுக்கு மட்டுமே இவை. முக்கூட்டு உள்ளவர்களில் சிலருக்கு, மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பிரினையே கொடுத்துப் பழக்கி, பிறகு தினமும் தொடரச் செய்யும் சிகிச்சையும் உண்டு. அது பாலிப் திரும்ப வளர்வதைத் தாமதப்படுத்துகிறது. வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாத காரியம் அது.

வாசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசனை போனால் போகட்டும், சாப்பாட்டு ருசிதானே என்று நினைப்பவர்கள் உண்டு. சமையல் எரிவாயுவுக்குத் தானாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றமே தெரியாத ஒருவர் சமையலறையிலோ பாய்லர் அருகிலோ நிற்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டில் இப்போது கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறோம்.

முடிக்கும் முன் மூன்று விஷயங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ஆஸ்துமா உள்ளவர்கள் யாராக இருந்தாலும் மூக்கு அடைப்பு, வாசனை குறைவு இருந்தால் நுரையீரல் டாக்டரிடம் தாமாகவே சொல்லுங்கள். பாலிப் உள்ளவர்கள், இரவில் இருமலோ படியேறும்போது இளைப்போ இருந்தால் மூக்கு டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டு, பாலிப்பும் ஆஸ்துமாவும் சேர்ந்து உள்ளவர்கள் வலி மாத்திரை வாங்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். பாரசிட்டமால் 500 மில்லிகிராம் வரை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. 1,000 ஆனால் சிலருக்குத் தொல்லை தரலாம். வேறு எது ஒத்துக்கொள்ளும் என்பதை மருத்துவமனையில் வைத்தே சோதித்துத் தெரிந்துகொள்ள முடியும். தெரிந்துகொண்டதை ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். மயங்கி விழுந்தால் நமக்காகப் பேச வேண்டியது அந்த அட்டைதான்.

மூன்றாவது ஹாஸ்டல் தம்பி தங்கைகளுக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு ரூம்மேட்டுக்குத் தலைவலி என்றால், பக்கத்து ரூமில் இருக்கிற மாத்திரையை வாங்கிக் கொடுப்பது நம் கல்லூரியின் பழைய நல்ல பழக்கம். அந்த நட்பு வேண்டும். ஆனால் கொடுக்கும் முன் "உனக்கு வீசிங் உண்டாடா? மூக்குல ஏதாச்சும் தொந்தரவா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். உண்டு என்றால் அந்த மாத்திரை வேண்டாம், வார்டனிடம் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இந்த வளாகத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தவற்றில் ஒன்று, மெஷினைத் தனித்தனி உறுப்பாகப் பார்க்காதே, முழு சிஸ்டமாகப் பார் என்பது. மெஷினுக்கு மட்டுமல்ல, நம் உடம்புக்கும் அது பொருந்தும்.

வாழ்க நம் கல்லூரி!